பெட்டைக் குதிரையின் வேகம்

கொல்கத்தாவின் பாலிகஞ்சுக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் கவர்னர் ஜெனரலின் மெய்க்காவல் குதிரைப்படை அங்கேதான் தங்கியிருந்தது. அங்கிருந்து வடமேற்கே சில கிலோமீட்டர் போனால், விக்டோரியா நினைவு மண்டபத்துக்குப் பக்கத்து மைதானத்தில், 1847-இல் தோன்றிய ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல் விரிந்து கிடக்கிறது. அங்கே கல்கத்தா 1000 கினீஸ், கல்கத்தா ஓக்ஸ் ஆகிய பந்தயங்கள் பெட்டைக் குதிரைகளுக்கு மட்டுமே உரியவை. கொல்கத்தா, மும்பை, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் கிளப்புகள் முறைவைத்து நடத்தும் அழைப்புப் பந்தயங்கள் கொல்கத்தாவுக்கு வரும் ஆண்டில், அதே திடலில் 1200 மீட்டர் ஸ்பிரின்டர்ஸ் கோப்பையும் ஓடப்படுகிறது. அதில் ஆணும் பெட்டையும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றன. அமெரிக்காவில் ஏற்பாடு வேறு. அங்கே பிரீடர்ஸ் கோப்பைப் பந்தயங்களில், 2007 முதல் பெட்டைகளுக்கென்றே தனியாக ஒரு குறுந்தூரச் சாம்பியன் பந்தயம் நடக்கிறது. தனிப் பந்தயம் என்றதுமே, பெட்டைக் குதிரை ஆண் குதிரையோடு ஓடி வெல்ல முடியாது, அதனால்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மனிதர்களின் தடகளத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இயல்பான முடிவாகத் தோன்றும். ஆனால் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் அந்த முடிவு நிற்பதில்லை. பெட்டைக் குதிரைகளுக்குத் தனிப் பந்தயம் இருப்பதன் காரணத்தை அவற்றின் கால்களில் தேடக் கூடாது. அது இனப்பெருக்கப் பண்ணையின் கணக்கில் இருக்கிறது.

முதலில் மனிதர்களை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டர் ஓட்டத்தில் ஆண்களின் உலகச் சாதனை, 2009-இல் உசைன் போல்ட் ஓடிய 9.58 விநாடி. பெண்களின் சாதனை, 1988-இல் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் ஓடிய 10.49 விநாடி. இரண்டுக்கும் இடைவெளி ஒன்பதரை சதவீதம். தடகளத்தில் இது பெரிய இடைவெளி. உலகின் மிக வேகமான பெண்மணி ஆண்களின் ஒலிம்பிக் ஓட்டத்தில் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்ட முடியாது. ஆகவே மனிதர்களைப் பிரித்து ஓட விடுவது நியாயத்தின் பாற்பட்டது. இனி குதிரையைப் பார்ப்போம். 2008 மே 14 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பென் நேஷனல் திடலில், இரண்டு வயதுக் குதிரை ஒன்று இரண்டு ஃபர்லாங்கை, அதாவது 402 மீட்டரை, 20.57 விநாடியில் கடந்தது. மணிக்கு 70.76 கிலோமீட்டர். பந்தயக் குதிரை ஒன்றின் மிகக் கூடிய வேகம் என்று கின்னஸ் நிறுவனம் பதிவு செய்தது இந்த ஓட்டத்தைத்தான். குதிரையின் பெயர் வின்னிங் புரூ. அது ஒரு பெட்டை. மனித இனத்தில் இதற்கு இணையான ஒரு செய்தியைக் கற்பனை செய்யவே முடியாது.

ஒரே ஒரு சாதனையை வைத்து ஓர் இனத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது சரியான எச்சரிக்கை. 402 மீட்டர் என்பது முழுப் பந்தயமும் ஆகாது. ஆகவே ஆண்டுதோறும் ஓடப்படும், இரு பாலுக்கும் பொதுவான, முதல்தரக் குறுந்தூரப் பந்தயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் யார்க் நகரில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் நன்தார்ப் ஸ்டேக்ஸ் ஐந்து ஃபர்லாங் ஓட்டம். ஏறத்தாழ 1000 மீட்டர். 2015-இலும் 2016-இலும் மெக்காஸ் ஏஞ்சல், 2017-இல் மார்ஷா, 2021-இல் விண்டர் பவர், 2022-இல் ஹைஃபீல்டு பிரின்சஸ் வென்றன. எல்லாம் பெட்டைகள். இடைப்பட்ட 2018, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளின் கோப்பைகள் ஆல்ஃபா டெல்ஃபினி, பட்டாஷ் என்ற இரு குதிரைகளுக்குப் போயின. இரண்டும் காயடிக்கப்பட்டவை. ஆக, எட்டு ஆண்டுகளில் ஐந்து வெற்றி பெட்டைகளுக்கு, மூன்று வெற்றி காயடித்தவற்றுக்கு. முழு ஆண் குதிரைக்கு ஒன்றுமில்லை. 2017-இல் மார்ஷா மூக்கு நுனி அளவில் முந்தியது லேடி ஆரேலியாவை, அதுவும் பெட்டைதான். இந்த எட்டு ஆண்டுகளைக் கொண்டு பெட்டைகள்தான் வேகமானவை என்று திருப்பிச் சொல்வதும் பிழையாகும். காலவட்டம் சிறியது. வேறு ஆண்டுகளில் ஆண் குதிரைகள் வென்றிருக்கின்றன. அதோடு, புகழ்பெற்ற ஆண் குதிரைகள் மூன்று, நான்கு வயதிலேயே பண்ணைக்கு அனுப்பப்படுவதால், வயது முதிர்ந்த குதிரைகள் ஓடும் பந்தயத்தில் அவை குறைவாகவே இருக்கும். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. ஒன்பதரை சதவீத இடைவெளி உள்ள எந்த விளையாட்டிலும் இப்படியொரு பட்டியல் ஒருநாளும் உருவாகாது.

பெட்டைகளுக்கு எடைச் சலுகை கொடுக்கப்படுகிறதே, அந்தச் சலுகையால்தானே வெற்றி என்பது அடுத்த கேள்வி. நம் நாட்டு டெர்பியில் ஆண் குதிரை 57 கிலோ சுமந்தால் பெட்டை 55.5 கிலோ சுமக்கும். சலுகை ஒன்றரை கிலோ. பிரிட்டனில் மூன்று பவுண்டு. ஏறத்தாழ அதே அளவு. இந்தச் சலுகை உண்மையில் எவ்வளவு பெரியது? குறுந்தூர ஓட்டத்தில் ஒன்றரை கிலோ எடை கிட்டத்தட்ட ஒரு ‘லென்த்’துக்குச் சமம் என்பது பந்தய எடை நிர்ணயிப்போரின் நடைமுறைக் கணக்கு. ஒரு லென்த் என்பது குதிரையின் உடல் நீளம், ஏறக்குறைய 2.4 மீட்டர். விநாடிக்கு 17 மீட்டர் ஓடும் குதிரை அதைக் கடக்க ஏழில் ஒரு பங்கு விநாடி போதும். 70 விநாடி நீடிக்கும் 1200 மீட்டர் ஓட்டத்தில் இது 0.2 சதவீதம். நூற்றாண்டுகளாகப் பணத்தைப் பணயம் வைத்துக் குதிரைகளை ஒப்பிட்டு வந்தவர்கள், ஆணுக்கும் பெட்டைக்கும் உள்ள வேறுபாட்டைச் சமன் செய்ய இந்தச் சிறு அளவு போதும் என்று கருதியிருக்கிறார்கள். சலுகையே பெட்டையின் பலவீனத்துக்குச் சாட்சி என்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். மனித இடைவெளியோடு ஒப்பிட்டால் இது நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

சலுகையைத் தாண்டியும் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பிளாக் கேவியர் 2009 முதல் 2013 வரை 25 பந்தயங்களில் ஓடியது, இருபத்தைந்திலும் வென்றது. பெரும்பாலும் 1000 முதல் 1400 மீட்டர் வரையிலான ஓட்டங்கள். எதிரே நின்றவை பெரும்பாலும் ஆண் குதிரைகளும் காயடித்தவையும். 2011-இல் மெல்போர்னின் ஃபிளெமிங்டன் திடலில் நியூமார்க்கெட் ஹேண்டிகேப் பந்தயத்தில் 58 கிலோ சுமந்து 1200 மீட்டரை 1 நிமிடம் 7.36 விநாடியில் முடித்தது. ஹேண்டிகேப் முறையில் திறமைக்கு ஏற்றபடி சுமை ஏற்றப்படும். வல்ல குதிரைக்குக் கூடுதல் பாரம். அங்கே பெட்டைக்கு இரக்கம் காட்டுவதற்கு இடமில்லை. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஆஸ்கட் திடலில் டயமண்ட் ஜூபிலி ஸ்டேக்ஸை வென்றபோது அதன் தசைகள் கிழிந்திருந்தன என்பது பந்தயத்துக்குப் பிறகு தெரியவந்தது.

சரி, மனிதரில் இவ்வளவு பெரிதாக இருக்கும் இடைவெளி குதிரையில் ஏன் இப்படிச் சுருங்கிவிடுகிறது? பருவமடையும் வயதில் மனித ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் பெருகி, தசையும் எலும்பும் ரத்தத்தின் ஹீமோகுளோபினும் கூடுகின்றன. பெண்ணின் உடலில் கொழுப்பின் பங்கு கூடுகிறது. இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்தே ஓட்டத்தில் இடைவெளியைத் திறக்கின்றன. குதிரையின் உடல் வரலாறு வேறு. திறந்த புல்வெளியில் வாழ்ந்து, வேட்டை விலங்கிடமிருந்து ஓடித் தப்பியே அந்த இனம் பிழைத்தது. மந்தையில் மெதுவாக ஓடிய பெட்டை இரையானது. கருவைச் சுமந்தபடியே வேகமாக ஓட முடிந்த பெட்டை குட்டி ஈன்றது. ஆகவே ஓட்டத்துக்கான உடலமைப்பை இயற்கை இரு பாலுக்கும் ஒன்றுபோலவே வழங்கியது. உயரத்தில் சில சென்டிமீட்டர், எடையில் சிறிதளவு என்பதைத் தவிர, ஆணுக்கும் பெட்டைக்கும் உருவ வேறுபாடு அதிகமில்லை. நான்கு கால் பாய்ச்சலில் பேருடல் ஒரு தனி ஆதாயமும் இல்லை. தசை கூடினால் தூக்கிச் செல்ல வேண்டிய எடையும் கூடுகிறது.

பாய்ச்சலின் இயந்திரத்தை உள்ளே பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரையின் உடல் எடையில் பாதிக்கு மேல் எலும்புத் தசைதான். அதன் இதயம் நான்கைந்து கிலோ எடையுள்ளது. ஓய்வில் நிமிடத்துக்கு முப்பது முறை சொச்சம் துடிப்பது, முழு ஓட்டத்தில் 220-ஐத் தாண்டுகிறது. மண்ணீரலில் சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்கள் ஓட்டம் தொடங்கியதும் ரத்தத்தில் கலக்கின்றன. ஓய்வில் ரத்தத்தின் கன அளவில் நாற்பது சதவீதம் அளவில் இருந்த சிவப்பணுக்களின் பங்கு அறுபதைத் தாண்டிப் போகிறது. குதிரை தனக்குத் தானே ரத்தம் ஏற்றிக்கொள்கிறது என்றே இதைச் சொல்லலாம். பாய்ச்சலின்போது ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்ற ஒழுங்கில் நுரையீரலும் கால்களும் இணைந்து இயங்குகின்றன. விநாடிக்கு இரண்டுக்கு மேற்பட்ட தாவல்கள். ஒவ்வொன்றும் ஆறேழு மீட்டர். மண்ணீரலின் இருப்பு, மூச்சின் தாளம், தசையின் செறிவு ஆகிய இவை எதிலும் ஆண் குதிரைக்கென்று தனி உறுப்போ தனி ஏற்பாடோ கிடையாது. மனித ஆணுக்கு ஹீமோகுளோபினால் கிடைக்கும் ஆதாயம் குதிரையில் பெரிதாகத் தலைதூக்காமல் போவதற்கு, இரு பாலுக்கும் பொதுவான இந்த மண்ணீரல் இருப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டெஸ்டோஸ்டிரோனே வேகத்தின் ஊற்று என்று அடித்துச் சொல்பவர்களுக்கு ஹாங்காங் நல்ல பதில். அங்கே குதிரை வளர்ப்புப் பண்ணைகள் இல்லாததால், பந்தயத்தில் ஓடுபவற்றில் மிகப் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. அந்த ஊரின் சைலன்ட் விட்னஸ் தொடர்ச்சியாக 17 வெற்றிகளைக் குவித்து உலகின் முன்னணிக் குறுந்தூரக் குதிரையாகப் போற்றப்பட்டது, அதுவும் காயடிக்கப்பட்டதே. விரைகள் நீக்கப்பட்ட குதிரை உலகின் முதல் வரிசைக்கு வர முடியுமானால், குறுந்தூர வேகம் அந்த ஒரு ஹார்மோனைச் சார்ந்து நிற்கவில்லை என்பது விளங்கும். கல்லையும் மண்ணையும் போல ஆணையும் பெட்டையையும் வேறு பொருளாக எண்ணும் பழக்கத்தை இந்த ஒரு செய்தியே அசைத்துவிடுகிறது.

மரபணு ஆய்வும் இதே பக்கம் நிற்கிறது. 2010-இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் எம்மலின் ஹில் குழுவினர், மயோஸ்டாட்டின் என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பது குதிரைக்கு உகந்த தூரத்தைக் கணிக்க உதவுகிறது என்று காட்டினார்கள். மயோஸ்டாட்டின் தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதம். இரண்டு ‘சி’ வடிவங்களைப் பெற்ற குதிரை தசைத் திரட்சியோடு குறுந்தூரத்தில் மின்னும். இரண்டு ‘டி’ வடிவங்களைப் பெற்றது நெடுந்தூரத்தில் நிற்கும். இரண்டும் கலந்தது நடுத்தூரத்துக்கு ஏற்றது. இந்த மரபணு இருப்பது 18-ஆம் குரோமோசோமில். பால் நிர்ணயிக்கும் குரோமோசோமில் இல்லை. ஆகவே தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சம வாய்ப்போடு வருகிறது. மகளுக்கும் மகனுக்கும் சம வாய்ப்போடு போகிறது. 2012-இல் மிம் போவர், எம்மலின் ஹில் முதலானோர் பழம்பெரும் பந்தயக் குதிரைகளின் எச்சங்களையும் ஆராய்ந்து, ‘சி’ வடிவம் எங்கிருந்து தரோபிரெட் இனத்துக்குள் நுழைந்தது என்று தேடினார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன், இனம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே ஒரு முறை நுழைந்திருக்கிறது. கொண்டுவந்தது பெரும்பாலும் பிரிட்டனின் உள்நாட்டுப் பெட்டை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. டார்லி, கோடால்ஃபின், பையர்லி என்று மூன்று கீழ்நாட்டு ஆண் குதிரைகளின் பெயர்களிலிருந்தே இந்த இனத்தின் வரலாறு தொடங்குவதாகப் பந்தய உலகம் சொல்லிவருகிறது. குறுந்தூர வேகத்தின் வேரோ பெயர் தெரியாத ஒரு தாய்க் குதிரையிடம் போய் முடிகிறது.

இத்தனைக்குப் பிறகும் கூர்மையான ஒரு மறுப்பு எஞ்சுகிறது. பெட்டைகள் இவ்வளவு நெருக்கமானவை என்றால், பொதுப் பந்தயங்களின் வெற்றிப் பட்டியலில் அவற்றின் பெயர் ஏன் குறைவாக இருக்கிறது? இதற்கு பிரீடர்ஸ் கோப்பையின் வரலாறே விடை தருகிறது. 1984-இல் அந்தப் பந்தயங்கள் தொடங்கியபோது குறுந்தூர ஓட்டம் இரு பாலுக்கும் பொதுவாக ஒன்றே இருந்தது. 1987-இல் வெரி சட்டில், 1990-இல் சேஃப்லி கெப்ட், 1995-இல் டெசர்ட் ஸ்டார்மர் ஆகிய பெட்டைகள் ஆண்களை முந்தி அதை வென்றன. 2007-இல் நியூஜெர்சியின் மன்மத் பார்க் திடலில் பெட்டைகளுக்கான தனிக் குறுந்தூர ஓட்டம் தொடங்கியது. முதல் வெற்றி மேரிஃபீல்டுக்கு. அன்று தொட்டு அந்தப் பழைய பொது ஓட்டத்தில் ஒரு பெட்டையும் வென்றதில்லை. 2007-இல் அமெரிக்கப் பெட்டைகளின் கால்கள் திடீரென்று தளர்ந்துவிடவில்லை, பாதை பிரிந்தது. 2012, 2013 ஆண்டுகளில் தனி ஓட்டத்தை வென்ற குரூப்பி டால், 2022, 2023 ஆண்டுகளில் வென்ற குட்நைட் ஆலிவ் போன்றவற்றின் உரிமையாளருக்கு, நிச்சயமான பரிசும் பட்டமும் பக்கத்திலேயே காத்திருக்கும்போது ஆண்களோடு மோதவிட வேண்டிய தேவை என்ன? எண்ணிக்கையில் குறைவாக நுழைந்தவை எண்ணிக்கையில் குறைவாகவே வெல்லும். வென்றவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து, ஓட வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணாமல் விடுவது புள்ளிவிவரத்தில் மிகப் பழைய பிழை.

பெட்டைகளின் இனப்பெருக்கச் சுழற்சி ஓட்டத்தைக் கெடுக்கும் என்பதும் திடலில் அடிக்கடி கேட்கும் வாதம். குதிரை நீள் பகல் காலத்தில் இணைசேரும் விலங்கு. சுழற்சி ஏறத்தாழ 21 நாள். அந்த நாட்களில் சில பெட்டைகளின் கவனம் சிதறுவதையும் குணம் மாறுவதையும் பயிற்சியாளர்கள் அறிவார்கள். அதைக் கட்டுப்படுத்த மருந்துகளும் உண்டு. ஆனால் எல்லாப் பெட்டைகளின் ஓட்டத் திறனும் அதனால் குறைகிறது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. பகல் குறுகிய மாதங்களில் இந்தச் சுழற்சியே பல பெட்டைகளில் அடங்கிவிடும். கொல்கத்தாவின் முதன்மைப் பருவம் குளிர்காலத்தில் வருகிறது என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது. அங்கே இந்தக் காரணத்துக்கு மற்ற இடங்களைவிட வலு குறைவாகத்தான் இருக்க முடியும்.

அப்படியானால் தனிப் பந்தயம் எதற்கு? பண்ணையின் எண்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். பேர்பெற்ற ஆண் குதிரை ஒன்று ஒரே பருவத்தில் நூறு பெட்டைகளுக்கு மேல் சேர முடியும். பெட்டையின் கருக்காலம் பதினொரு மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டி, அவ்வளவுதான். தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதியும் இல்லை. ஆகவே ஆண் குதிரைகளில் மிகச் சிறந்த சிலவற்றைக் கண்டுபிடித்தாலே பண்ணைக்குப் போதும். பெட்டைகளிலோ நல்லவை அத்தனையையும் இனம் கண்டாக வேண்டும். வருங்காலக் குட்டிகளின் மரபணுவில் பாதி அந்தப் பெரிய கூட்டத்திலிருந்துதான் வரப்போகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவோ முழுக்கத் தாய் வழியே வருகிறது. பெட்டைகளுக்கென்று பந்தயங்களை ஒதுக்கினால், அவற்றின் உரிமையாளர்கள் அவசரப்பட்டுப் பண்ணைக்கு அனுப்பாமல் இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஓட விடுவார்கள். அவற்றின் திறன் பொதுவெளியில் அளக்கப்படும். எந்தத் தாயின் வயிற்றில் வேகம் இருக்கிறது என்று வளர்ப்பவருக்குத் தெரியும். பெட்டைகளின் குறுந்தூரச் சாம்பியன் பந்தயம் ஒரு தாய்த் தேர்வு. அந்தத் தேர்வு மதிப்புக்குரியது. ஆனால் அதைப் பலவீனர்களுக்கான ஒதுக்கீடு என்று படிப்பது அதன் நோக்கத்தையே தலைகீழாக்குகிறது.

நம் நாட்டுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. 1943-இல் மும்பை மகாலட்சுமி திடலில் முதல் இந்திய டெர்பியை வென்ற பிரின்சஸ் பியூட்டிஃபுல் ஒரு பெட்டை. 2010-இல் அதே டெர்பியை வென்ற ஜாக்குலினும் பெட்டை. பெட்டை வெல்ல முடியும் என்பது இந்தியப் பந்தய வரலாற்றின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. இருந்தும் பெட்டைகளுக்கான நம் கிளாசிக் பந்தயங்கள் 1000 கினீஸின் 1600 மீட்டரிலும் ஓக்ஸின் 2400 மீட்டரிலும் நிற்கின்றன. இரண்டு ‘சி’ வடிவங்களோடு பிறந்து 1200 மீட்டரில் மின்னக்கூடிய ஒரு பெட்டைக்கு அந்தப் பட்டங்கள் எட்டாத தூரம்; அதன் திறன் அளக்கப்படாமலே அது பண்ணைக்குப் போகக்கூடும். குறுந்தூரத்திலும் பெட்டைகளுக்கு முதல்தரப் பட்டம் ஒன்று ஓங்கி நிற்க வேண்டும். அதை வென்றவை பிறகு ஸ்பிரின்டர்ஸ் கோப்பையில் ஆண்களோடும் ஓடிப் பார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்க அனுபவம் காட்டிவிட்டது.

இதற்கு வேண்டிய சான்றுகள் நம்மிடமே குவிந்து கிடக்கின்றன. கொல்கத்தாவிலும் கிண்டியிலும் மகாலட்சுமியிலும் ஓடிய ஒவ்வொரு ஓட்டத்தின் நேரமும் சுமந்த எடையும் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொரு குதிரையின் வம்சமும் இந்திய ஸ்டட் புக்கில் இருக்கிறது. பந்தயத் திடலிலிருந்து சற்றுத் தொலைவில், பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில், தாரக்நாத் பாலித் கொடுத்த இடத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல், மரபியல் துறைகள் இயங்குகின்றன. டர்ஃப் கிளப்புகள் தங்கள் பதிவேடுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இந்திய மண்ணில், இந்திய வெயிலில், ஆணுக்கும் பெட்டைக்கும் 1200 மீட்டரில் உள்ள உண்மையான இடைவெளி என்ன என்று அவர்கள் கணக்கிட்டு வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு வரும்வரை, பந்தயப் பட்டியலில் ஒரு பெட்டையின் பெயரைப் பார்க்கிறவர்கள் அதன் பாலைப் பார்த்து மதிப்பிடாமல், அது ஓடிய தூரத்தையும் சுமந்த எடையையும் முடித்த நேரத்தையும் பார்த்து மதிப்பிடட்டும்.